மகன் என்று தெரிந்தே கொன்றானா கூ ஹுலின்?

கடலோரன்:
பழைய ஐரிஷ் கதைகளில் என்னைத் தூங்கவிடாத ஒன்று, ஐஃபேயின் ஒரே மகன் கொன்லாவின் மரணம். வட அயர்லாந்தின் அல்ஸ்டர் நாட்டு வீரன் கூ ஹுலின் வெளிநாட்டில் போர்க்கலை பயிலும்போது, ஐஃபே என்ற வீராங்கனை அவன் பிள்ளையைச் சுமக்கிறாள். அவளிடம் ஒரு பொன்மோதிரத்தைக் கொடுத்து, அது விரலுக்குப் பொருந்தும் நாளில் பையனை அனுப்பச் சொல்கிறான். கூடவே மூன்று விலக்குகள்: பெயரைச் சொல்லக் கூடாது, யாருக்கும் வழிவிடக் கூடாது, சண்டையை மறுக்கக் கூடாது. ஏழு வயதில் வெண்கலப் படகில் வந்த பிள்ளையைத் தகப்பனே கொல்கிறான். அறியாமல் நேர்ந்த துயரம் என்று இதைச் சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை. தெரிந்து செய்த கொலை இது.

மஞ்சள் ஏடு:
கடுமையாகப் பேசுகிறீர்கள். மகன் இறந்த பிறகே மோதிரத்தைப் பார்த்துத் தந்தை கதறும் வடிவங்களும் உள்ளன. பெயர் சொல்லாத அந்நியன் கரையேறுகிறான், பெருவீரன் கோனலையே கவண் வீச்சில் சாய்த்துக் கேடய வாரால் கட்டிப்போடுகிறான். நாட்டின் காவலன் வேறென்ன செய்வான்?

கடலோரன்:
நீங்கள் சொல்பவை பிற்காலப் பாடல்கள். 1400-ஐ ஒட்டி எழுதப்பட்ட ‘லெக்கான் மஞ்சள் ஏடு’ என்ற ஐரிஷ் கையெழுத்துச் சுவடியில் உள்ள பழைய வடிவத்தைப் படியுங்கள். மனைவி ஏமெர் அவன் கழுத்தைக் கட்டிக்கொண்டு, “போகாதே, கீழே நிற்பவன் உன் மகன்” என்று தடுக்கிறாள். அவன் மகனாகவே இருந்தாலும் அல்ஸ்டரின் மானத்துக்காகக் கொல்வேன் என்கிறான் கணவன். இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்?

நெய்தல்வாசி:
இருவரும் அரசனை விட்டுவிட்டீர்கள். அல்ஸ்டர் மன்னன் கொன்ஹோவர் கரையிலேயே இருக்கிறான். பையன் கவண்கல்லால் பறவைகளை உயிரோடு வீழ்த்தி, மீண்டும் பறக்கவிட்டு விளையாடுகிறான். அதைக் கண்டதும் அவனைக் கரையேற விடாதீர்கள் என்று சொல்பவன் கொன்ஹோவர்தான். டெய்ர்ட்ரே என்ற பெண்ணின் கதையில், வீரன் ஃபெர்கஸின் உறுதிமொழியை நம்பித் திரும்பி வந்த அவள் காதலனையும் அவன் சகோதரர்களையும் கொல்லவைத்தவனும் இதே மன்னன்தான். அவன் பயத்துக்கு இன்னொருவன் பிள்ளை பலியானான்.

மஞ்சள் ஏடு:
ஏமெரின் சொல்லை மறுக்கவில்லை. ஆனால் அவன் இன்றைய தகப்பன் அல்ல. மானம் போனால் அந்தச் சமூகத்தில் அவனுக்கு இடமே இல்லை. நம் காலத்து அறத்தை அவன்மீது ஏற்றாதீர்கள்.

கடலோரன்:
அதே மரபிலிருந்தே பதில் சொல்கிறேன். ஐரிஷ் புராணங்களில் கடல் கடந்து வரும் ஃபோமோரியர் இனத்தின் மன்னன் எலாதாவும் ஒரு பெண்ணிடம் மோதிரம் விட்டுப் போனவன். அரசிழந்த மகன் பிரெஸ் வந்து நின்றபோது, மோதிரம் யாருடையது என்று அடையாளம் கண்டான். பிறகே பேச்சு. ‘நீதியால் காக்க முடியாததை அநீதியால் மீட்கப் பார்க்காதே’ என்று மகனைக் கண்டித்தான். மோதிரத்தைப் பார்க்கத் தெரிந்த தகப்பனும் அந்தக் கதையுலகில் இருந்தான்!

மஞ்சள் ஏடு:
கண்டித்த கையோடு ஃபோமோரியத் தலைவன் பாலோரிடம் படைதிரட்ட அனுப்பியவனும் அவன்தானே? அந்தப் போரில் எத்தனை பேர் மடிந்தார்கள்! பிள்ளைப்பாசம் மட்டுமே அரசனை நல்லவனாக்கிவிடாது. இன்னொரு ஐரிஷ் கதையில், கோனரே மன்னன் கொள்ளையடித்த பிறர் பிள்ளைகளை அவரவர் தந்தையரே கொல்லட்டும் என்று தீர்ப்பளித்து, தன் வளர்ப்புச் சகோதரர்களை மட்டும் தப்பவிட்டான். அந்தத் தவறே அவன் உயிரைக் குடித்தது.

கடலோரன்:
எலாதா விஷயத்தில் நீங்கள் சொல்வது சரி. ஆனாலும் மூன்று விலக்குகளையும் விதித்தவன் கூ ஹுலினேதான். பையன் அப்பன் சொல்லை மீறியிருந்தால் பிழைத்திருப்பான். கீழ்ப்படிந்ததால் செத்தான். நீரில் தந்தையை இருமுறை அமிழ்த்தியவனைக் கடைசியில் வீழ்த்தியது கே போல்கா ஈட்டி. “இதை மட்டும் ஸ்காத்தாக் எனக்குக் கற்றுத்தரவில்லை” என்று தன் போர்க்கலை ஆசிரியையைச் சொல்கிறான் குழந்தை. இந்த வரியை என்னால் ஒரே மூச்சில் படிக்க முடிந்ததே இல்லை.

நெய்தல்வாசி:
அடுத்து நடப்பதையும் பாருங்கள். மகனைத் தூக்கி வந்து, “இதோ என் மகன், அல்ஸ்டர் மக்களே” என்று கிடத்துகிறான். அந்தப் பிள்ளை, புகழ்பெற்ற வீரர்களைக் காட்டச் சொல்லி, ஒவ்வொருவர் கழுத்தையும் கட்டிக்கொண்டு விடைபெறுகிறது. தந்தையிடமும்தான். பிறகு உயிர் பிரிகிறது.

அவனுக்குத் துக்கம் காக்க மூன்று நாள் அல்ஸ்டரில் கன்றுகளைத் தாய்ப்பசுவிடம் விடவில்லை. நான் மாடு வளர்த்த வீட்டில் பிறந்தவள். ஒரு வேளை கன்றைப் பிரித்துக் கட்டினாலே பசு கயிற்றை இழுத்துக்கொண்டு தொழுவத்தின் பக்கம் திரும்பி நிற்கும், மடி கனத்துப் பால் தானாகச் சொட்டும். மூன்று நாள் ஒரு நாடு முழுக்க அந்தக் கதறல். கொன்ஹோவரின் அரண்மனை வரைக்கும் கேட்டிருக்கும்.