ஸ்டென்ட் வைத்த அப்பா முழுச் சைவமாகிவிட்டார், என்ன சமைப்பது?

தாராவி 90 அடி ரோடு:

அப்பாவுக்கு 61 வயது. போன மாதம் நெஞ்சுவலி வந்து ஒரு ஸ்டென்ட் (அடைத்த ரத்தக்குழாயைத் திறந்து வைக்கிற சின்னக் கம்பிவலைக் குழாய்) வைத்திருக்கிறார்கள், சர்க்கரையும் எல்லையில் நிற்கிறது. டிஸ்சார்ஜ் ஆகும்போது டாக்டர் "கறியைக் குறைங்க, காய்கறி, பருப்பு நிறைய சேருங்க" என்றார், அதற்கு மேல் கேட்க அங்கே நேரமில்லை. எங்களுக்குச் சொந்த ஊர் திருநெல்வேலிப் பக்கம், ஞாயிறு மட்டன், நடுவில் மீன், முட்டை என்று பழகிய வீடு. அப்பா பிடிவாதக்காரர், குறைப்பதென்ன, விட்டே விடுகிறேன் என்று விட்டுவிட்டார்.

இப்போது என் கவலை வேறு. கறிக்குப் பதிலாக அம்மா உருளைக்கிழங்கு வறுவல், அப்பளம், ரசம், முன்பைவிட இரண்டு மடங்கு சோறு என்று வைக்கிறார்கள். சாயங்காலம் தோல் பட்டறையில் டீயோடு வடாபாவ் (பன்னுக்குள் உருளைக்கிழங்கு போண்டா), கேட்டால் "அதுவும் சைவம்தானே" என்கிறார். இதில் இதயத்துக்கு என்ன நல்லது நடக்கும்? புரதத்துக்கு என்ன செய்வது? இன்னொன்று, சைவமாகிவிட்டால் மாத்திரையை நிறுத்திவிடலாம் என்று பட்டறையில் யாரோ சொல்லியிருக்கிறார்கள், அதையே பிடித்துக்கொண்டிருக்கிறார். தெரிந்தவர்கள் சொல்லுங்கள், எனக்கு நிஜமாகவே பயமாக இருக்கிறது.

மாட்டுங்கா மாமி:

தம்பி, எங்கள் வீட்டில் மூன்று தலைமுறையாக முட்டைகூட நுழைந்ததில்லை, ஆனாலும் என் வீட்டுக்காரருக்கு 54 வயதில் பைபாஸ் ஆனது. சைவம் என்ற ஒன்றே காப்பாற்றும் என்றால் மாட்டுங்காவில் இதய டாக்டர்களுக்கு வேலையே இருக்கக்கூடாது. காலையில் இட்லி, மதியம் சோறு, ராத்திரி மறுபடி சோறு இல்லாவிட்டால் பூரி, நடுவில் பேக்கரி காரி பிஸ்கட்டும் நான்கட்டாய் பிஸ்கட்டும், விரத நாளில் சாபுதானா (ஜவ்வரிசி) வடை. இப்படிச் சாப்பிடுகிற வீட்டில் இறைச்சி துளி இல்லை, சரி, ஆனால் பயறும் கீரையும் பழமும்கூட துளிதானே இருக்கிறது! உங்கள் அம்மா கறி இருந்த இடத்தைச் சோற்றால் நிரப்புகிறார்கள். அந்த இடம் பயறுக்குப் போகவேண்டும், இது ஒன்றை மட்டும் அவர்களிடம் பொறுமையாகச் சொல்லுங்கள்.

பம்பாயில் இதற்குப் பஞ்சமே இல்லை. மட்கியை, அதாவது நம்ம ஊர் நரிப்பயறை, முளைகட்டி வெங்காயம், தக்காளி போட்டு உசல் என்கிற பயறுக் குழம்பு வைத்தால் கறி சாப்பிட்ட நாக்குக்கும் பிடிக்கும், காரசாரமாக இருக்கும், மேலே ஃபர்சானை (மிக்சரை) மட்டும் கொட்டாதீர்கள். ராத்திரி சோற்றை நிறுத்தி ஒரு ஜ்வாரி பாக்ரி (சோள ரொட்டி), கூடவே மேத்தியோ (வெந்தயக்கீரை) லால் மாட்டோ (சிவப்புக் கீரை) வதக்கியது. கேழ்வரகு வேண்டுமென்றால் கடையில் நாச்சணி என்று கேளுங்கள், கொள்ளுக்குக் குளித். சாம்பார் தண்ணீராக ஓடக்கூடாது, பருப்பு கெட்டியாக இருக்கட்டும், காய் அள்ளிப் போடுங்கள். தட்டில் பாதி காய், கால் பங்கு பயறு அல்லது பருப்பு, மீதிதான் சோறோ ரொட்டியோ. எங்கள் வீட்டில் முதலில் முகம் சுளித்தார், இப்போது சோறு கொஞ்சம் கூடினால் அவரே எடுத்து வைத்துவிடுகிறார்.

முலுண்ட் டயட்டீஷியன்:

நான் உணவு ஆலோசகராக இருக்கிறேன், மாமி சொன்னதோடு சேர்த்துச் சொல்கிறேன். மாத்திரையை நிறுத்தக்கூடாது, இன்றைக்கே அப்பாவிடம் உட்கார்ந்து பேசுங்கள். ஸ்டென்ட் வைத்தவருக்கு ரத்தம் கட்டாமல் இருக்கக் கொடுக்கிற மாத்திரையைத் தானாக நிறுத்தினால் ஸ்டென்டுக்குள்ளேயே ரத்தம் உறைந்து அடைத்துவிடலாம், உயிருக்கே ஆபத்து. கொலஸ்ட்ரால் மாத்திரை வேறு வேலை செய்கிறது. உடம்பிலுள்ள கொலஸ்ட்ராலில் பெரும்பகுதியை உடம்பே செய்கிறது, அதில் கல்லீரலுக்கு முக்கியப் பங்கு, அதனால் சாப்பாட்டை மாற்றினால் எல்டிஎல் (கெட்ட கொலஸ்ட்ரால்) இறங்கும்தான், ஆனால் ஒருமுறை அடைப்பு வந்தவருக்கு எவ்வளவு இறங்கவேண்டுமோ அவ்வளவுக்குச் சாப்பாடு மட்டும் பொதுவாகப் போதாது. இரண்டும் வேண்டும்.

வடாபாவும் சைவம்தானே என்று கேட்கிறாரே, அதற்கு நேரடியான பதில் இருக்கிறது. அமெரிக்காவில் 2 லட்சத்துக்கும் மேற்பட்ட செவிலியர்கள், மருத்துவத் துறையினர் பல வருடம் என்ன சாப்பிட்டார்கள் என்று பார்த்து ஹார்வர்டு ஆய்வாளர்கள் 2017-இல் ஒரு ஆய்வு வெளியிட்டார்கள். முழுத்தானியம், பயறு, கொட்டை, காய், பழம் என்று சாப்பிட்டவர்களுக்கு இதயநோய் சுமார் 25% குறைவாக இருந்தது. அதே தாவர உணவுதான், ஆனால் வெள்ளை மாவு, உருளைக்கிழங்கு, இனிப்பு, சர்க்கரைப் பானம் என்று போனவர்களுக்குச் சுமார் 30% அதிகம்! பாவ் மைதா, உள்ளே உருளை, சுற்றி எண்ணெயில் பொரித்த கடலைமாவு, அந்த எண்ணெய் காலையிலிருந்து எத்தனை தடவை காய்ந்ததோ யாருக்குத் தெரியும்.

பயறும் ஓட்ஸும் கொய்யாவும் ஏன் வேலை செய்கின்றன என்றால், அவற்றிலிருக்கும் கரையும் நார் குடலில் பித்த அமிலத்தைப் பிடித்து வெளியே கொண்டுபோய்விடும். திரும்பப் பித்தம் செய்யக் கல்லீரல் ரத்தத்திலிருந்து கொலஸ்ட்ராலை இழுக்கும்.

புரதத்துக்குப் பயப்படவேண்டாம். 100 கிராம் உலர்ந்த பருப்பில் 20 கிராமுக்கு மேல் புரதம் உண்டு, சோயா உருண்டையில் ஏறக்குறைய எடைக்குப் பாதி. பாலும் தயிரும் கொழுப்பு குறைந்ததாகத் தொடரட்டும். பி12 செடிகளில் கிடைக்காது, ஒரு ரத்தப் பரிசோதனை செய்து டாக்டர் சொன்னால் மாத்திரை எடுக்கட்டும். உப்பு நாளுக்கு 5 கிராமுக்குள் என்கிறது உலக சுகாதார நிறுவனம், அப்பளமும் ஊறுகாயுமே அதில் பெரும்பங்கைத் தின்றுவிடும். சோடியம் குறைந்த உப்பு என்று விற்பதை நீங்களாக வாங்கிக் கொடுக்காதீர்கள், அதில் பொட்டாசியம் இருக்கும், சிறுநீரகக் கோளாறோ சில வகை பிபி மாத்திரையோ இருந்தால் ஆபத்து.

சயான் கோலிவாடா:

ஒரு மாற்றுக் கருத்து. டாக்டர் குறைக்கச் சொன்னார், விடச் சொல்லவில்லை. இப்படி ஒரேயடியாக விடுகிறவர்கள் ஒரு கல்யாண வீட்டுப் பந்தியில் மொத்தமாகத் திரும்பிவிடுவதை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். பிரிட்டனில் ஆக்ஸ்ஃபோர்டு ஆய்வாளர்கள் 18 வருடம் தொடர்ந்து பார்த்து 2019-இல் வெளியிட்ட கணக்கில், இறைச்சி சாப்பிடுகிறவர்களைவிடச் சைவ உணவுக்காரர்களுக்கு இதயநோய் 22% குறைவு, மீன் மட்டும் சாப்பிடுகிறவர்களுக்கும் 13% குறைவு. ஆனால் பக்கவாதம் சைவ உணவுக்காரர்களுக்கு 20% கூடுதலாக இருந்தது, அதையும் மறைக்காமல் சொல்லவேண்டும். அப்பா மீனுக்கு ஏங்கினால் வாரம் இரண்டு நாள் பாங்கடாவோ (கானாங்கெளுத்தி) தர்லியோ (மத்தி) குழம்பு வையுங்கள், வறுக்கவேண்டாம். மட்டனை விட்டது நல்லதுதான், அதில் பிடிவாதமாகவே இருக்கட்டும்.

மாட்டுங்கா மாமி:

மனதார விட்டிருந்தால் விடட்டுமே, நீங்களே மீனைக் காட்டி ஆசை மூட்டாதீர்கள். அவராகக் கேட்டால் அப்போது பார்க்கலாம்.

தாராவி 90 அடி ரோடு:

எல்லோருக்கும் ரொம்ப நன்றி. மாத்திரை விஷயத்தில் டயட்டீஷியன் அக்கா எழுதியதை அப்படியே அப்பாவிடம் படித்துக் காட்டினேன், ஒன்றும் பேசவில்லை, ஆனால் ராத்திரி தானே எடுத்துப் போட்டுக்கொண்டார். அம்மாவுக்கு ஒரு கேள்வி: தேங்காய் அரைக்காமல் எங்கள் வீட்டில் குழம்பே கிடையாது, தேங்காயும் செடியிலிருந்து வருவதுதானே, அதையும் நிறுத்தவேண்டுமா?

முலுண்ட் டயட்டீஷியன்:

அம்மா கேட்டது நியாயமான கேள்வி. தேங்காய் எண்ணெயில் 80 சதவீதத்துக்கு மேல் நிறைவுற்ற கொழுப்பு, எல்டிஎல்லை ஏற்றும், அதனால் சமையலுக்கு அது வேண்டாம். கடலை எண்ணெயோ நல்லெண்ணெயோ போதும், அதுவும் ஊற்றாமல் ஸ்பூனில் அளந்து. குழம்புக்குத் தேங்காயைப் பாதியாகக் குறைத்து, மீதிக்குப் பொட்டுக்கடலையோ கொஞ்சம் வறுத்த எள்ளோ சேர்த்து அரைக்கச் சொல்லுங்கள், கெட்டியாக வரும், ருசியும் போகாது. அப்புறம் அந்த வடாபாவ். வேண்டாம் என்று சொன்னால் மட்டும் கேட்கமாட்டார், நாலு மணிப் பசி நிஜமான பசி. மதிய டப்பாவோடு இன்னொரு சின்ன டப்பாவில் அவித்த கொண்டைக்கடலையும் ஒரு கொய்யாவும் வைத்து அனுப்புங்கள், டீ வரும்போது கையில் அது இருக்கவேண்டும்.