புதுப்பிப்பு: ஒருவழியாக இரத்தம் எடுத்தாகிவிட்டது

ஆட்டிசம் உள்ள என் ஏழு வயது மகன் இரத்தம் எடுக்கப் போன இடத்தில் பயந்து அலறியதால், பாதியிலேயே சாட்ஸ்வர்த்தில் உள்ள எங்கள் வீட்டுக்குத் திரும்பியதைப் போன மாதம் எழுதி, யோசனை கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி. நேற்று முடிந்தது!

அதிகம் உதவியது படக்கதைதான். கேரல் கிரே என்ற அமெரிக்க ஆசிரியை 1991-இல் உருவாக்கிய ‘சமூகக் கதை’ முறை அது. முன்கூட்டியே போய்க் கதவு, நாற்காலி, கையில் கட்டும் பட்டை எல்லாவற்றையும் போனில் படமெடுத்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி எழுதினேன். “வலிக்காது” என்று எழுதவில்லை. “கொஞ்சம் குத்தும், அப்புறம் போய்விடும்” என்றுதான் எழுதினேன். பொய் சொன்னால் அடுத்த முறை நம்பமாட்டான். தினமும் இரவில் ஆயா வாசித்துக் காட்டினார். கரடி பொம்மைக்கும் பட்டை கட்டிப் பார்த்தான்.

மரத்துப்போக வைக்கும் எம்லா களிம்பை ஒரு மணி நேரம் முன்பே பூசினோம். காலையில் முதல் ஆளாக நேரம் கேட்டு வாங்கினோம். காத்திருக்கும் அறையின் சத்தமே அவனுக்குப் பெரிய பயம்.

அழுதான், ஆனால் கையை இழுக்கவில்லை. நர்ஸிடம் படத்தைக் காட்டி, “அடுத்தது பஞ்சு” என்று அவனே சொன்னான்.

சரி, இனி பல் மருத்துவர். அந்த மெஷின் சத்தத்துக்கு உங்கள் பிள்ளைகளை எப்படிப் பழக்கினீர்கள்?