மடித்த கார் கூரையின் உறைக்கு என்ன பெயர்?

அன்புள்ள நண்பர்களுக்கு,

பழைய கார்களுக்குக் குஷன், டாப் (கூரை) வேலை பழகுகிறவர்களுக்காக ஒரு கையேட்டைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. ஓர் அத்தியாயம் 1928 முதல் 1931 வரை வந்த ஃபோர்டு மாடல் ஏ திறந்த காரைப் பற்றியது. அதன் கூரை துணி. வளைந்த மரச் சட்டங்கள் அதைத் தாங்கும். பின்னால் மடித்தால் இருக்கைக்குப் பின்புறம் ஒரு மூட்டையாகக் கிடக்கும். அந்த மூட்டைக்கு மேல் தூசியும் வெயிலும் படாமல் ஓர் உறை மாட்டுவார்கள். அதற்குத்தான் சொல் வேண்டும்.

அமெரிக்கர்கள் அதை ‘பூட்’ என்கிறார்கள். பிரிட்டனில் ‘பூட்’ என்றால் நம் டிக்கி. ‘டிக்கி உறை’ என்று எழுதினால் பையன் பின்கதவுக்குத் துணி வெட்டிவிடுவான். காரை நிறுத்தும்போது இருக்கைகள் மேல் இழுத்துக் கட்டும் ‘டோனோ’ வேறு இருக்கிறது. ஆக இரண்டு சொற்கள் தேவை. நான் எழுதி வைத்திருப்பது ‘மடிகூரை உறை’. சரியா?

செ., கோவை

*

அன்பின் செ.,

மடிகூரை வினைத்தொகை. ஊறுகாய், சுடுசோறு போல. ஒற்று மிகாது. அச்சகத்தில் யாராவது ‘மடிக்கூரை’ என்று திருத்திவிட்டால் அது மடியில் வைக்கும் கூரை ஆகிவிடும். மடிக்கணினியில் ஒற்று மிகுவது அதனால்தான். இதை மெய்ப்புத் திருத்துபவரிடம் முன்னாலேயே சொல்லிவிடுங்கள்.

ஆனால் ‘மடிகூரையுறை’ நாவில் புரளவில்லை. முல்லைப்பாட்டில் ‘மெய்ப்பை புக்க வெருவருந் தோற்றத்து’ யவனர் வருகிறார்கள். மெய்ப்பை என்றால் சட்டை. உடம்பை மூடும் துணியைப் பை என்று சொன்ன மொழி இது. கூரையை மூடுவது ‘கூரைப்பை’. சுருக்கம், பழமை, பொருத்தம் மூன்றும் இருக்கின்றன.

டோனோ என்பது பிரெஞ்சில் பீப்பாய். ஆரம்பகாலக் கார்களின் பின்பகுதி அந்த உருவத்தில் இருந்ததால் வந்த பெயர். நம் பீப்பாயும் போர்த்துக்கீசியம்தான். அந்த வழியே போக வேண்டாம். ‘இருக்கைமூடி’ போதும்.

இரா., மதுரை

*

ஐயா, கூரைப்பை கேட்க நல்லாத்தான் இருக்கு. ஆனால் இந்தக் கூரை துணியால் ஆனது. அதைச் சொல்லாமல் விடலாமோ? எங்கட பக்கம் கலியாணத்துக்குக் கூறை எடுப்பினம், வல்லின றகரம். கூறை என்றால் துணி. கூறு போட்டதால் கூறை, துணித்ததால் துணி, அறுத்ததால் அறுவை. துண்டும் அப்படித்தான். தறியில் இருந்து வெட்டி எடுத்ததையே ஆடைக்குப் பெயராக வைத்த மொழி. கூறையால் செய்த கூரை என்ற இந்த நெருக்கம் வேறு எந்தப் பொருளில் கிடைக்கும்?

கூறைக்கூரை என்று எழுதச் சொல்லேல்லை, எழுத்துக் குழப்பம் வரும். ‘துணிக்கூரை’ என்று தொடங்குங்கோ, உறை பிறகு வரட்டும்.

ந., யாழ்ப்பாணம்

*

அனைவருக்கும் வணக்கம். நான் தையல் வேலை செய்பவன். அப்பாவும் கார் டாப் தைத்தவர். பையா உறையா என்பதற்கு வேலையைப் பார்த்தால் விடை தெரியும்.

மாடல் ஏயில் மடித்த கூரை காரின் உடலை விட்டுப் பின்னால் வெளியே நிற்கும், இரும்புத் தாங்கிகள் மேல். அதனால் மேலே, பின்னே, அடியில் என்று சுற்றி வரும்படி தைக்க வேண்டும். அங்கே பை சரிதான். ஆனால் 1962இல் வந்த எம்.ஜி.பி. என்ற பிரிட்டிஷ் திறந்த கார் போன்றவற்றில் மடித்த கூரை இருக்கைக்குப் பின்னால் தாழ்ந்து உட்காரும். உறை அதன்மேல் விரித்து ஓரத்தில் பட்டன் போடும் துணி மட்டுமே. அது பை இல்லை. இரண்டுக்கும் பொருந்துவது உறை. வாளுறையும் உறைதான், தலையணை உறையும் உறைதான்.

அப்புறம், கையேட்டில் இதையும் சேருங்கள். கூரைத் துணி புதிதாகப் போடப் போகிறீர்கள் என்றால் உறையை முதலில் தைக்கக் கூடாது. புதுத் துணியின் தடிப்பில் மூட்டையின் அளவே மாறிவிடும். மடிக்கும்போது சட்டங்களுக்கு நடுவே சிக்கும் துணியைக் கையால் வெளியே இழுத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் இரும்பு கடித்து ஓட்டை விழும். ஈரத்தோடு மடித்து மூடினால் பூசணம் பிடிக்கும். மாதிரியை மடித்த கூரை மேலேயே எடுக்க வேண்டும். பழைய பெட்ஷீட்டைப் போர்த்தி, நடுக்கோட்டைச் சாக்பீஸால் போட்டு, அங்கிருந்து இரண்டு பக்கமும் குண்டூசி குத்திக்கொண்டே போக வேண்டும். ஓரத்திலிருந்து தொடங்கினால் ஒரு பக்கம் துணி மிஞ்சும். நூல் பாலியஸ்டர். பருத்தி நூல் வெயிலில் இற்றுப்போகும். பட்டன்கள் கடைசியில், அதுவும் நடுவிலிருந்து. சாதாரண டிச் பட்டன் காற்றில் பிடுங்கிக்கொள்ளும். லிஃப்ட் தி டாட் பட்டன் மூன்று பக்கம் கவ்வியிருக்கும், புள்ளி இருக்கும் பக்கத்தைத் தூக்கினால் மட்டும் விடும்.

பெயர்? நாங்கள் ‘டாப் கவர்’ என்போம். எல்லோருக்கும் புரியும். தொல்காப்பியரே ‘கடிசொல் இல்லைக் காலத்துப் படினே’, அதாவது காலப்போக்கில் வழக்குக்கு வந்த சொல்லை விலக்க வேண்டாம் என்றுதானே சொல்கிறார்?

மு., சென்னை

*

மு. ஐயாவின் விளக்கம் அருமை. கூரைப்பையைத் திரும்பப் பெறுகிறேன். ஆனால் அந்த நூற்பாவை இப்படி இழுக்கக் கூடாது. அதற்கு உரையாசிரியர் சேனாவரையர் காட்டுவது சம்பு, சள்ளை, சட்டி. சகரம் மொழிக்கு முதலில் அகரத்தோடு வராது என்ற விதியை மீறிப் பின்னாளில் வழங்கிய சொற்கள் அவை. எதையும் எடுத்துக்கொள்ளலாம் என்று அந்த நூற்பா உரிமை தரவில்லை. தவிர, கூரை மேலேயே போர்த்தும் துணியையும் ‘டாப் கவர்’ என்றுதான் சொல்வார்கள். குழப்பம் தீரவில்லையே.

கூரையின் வளைந்த சட்டங்களுக்கு என்ன போட்டிருக்கிறீர்கள்? ஆங்கிலத்திலும் அவை வில்தான். நம் கூண்டுவண்டியின் கூண்டைத் தாங்குவதும் அப்படி வில்லாக வளைத்த சட்டங்கள்தான். ‘கூரைவில்’ என்று எழுதுங்கள்.

இரா.

*

கூரைவில்லுக்கு நானும் சரி. எங்கட வண்டிக்காரர் எவருக்கும் விளங்கும்.

ந.

*

வில் நல்ல சொல், கடையிலும் சொல்லலாம். டிக்கி பற்றி ஒன்று. அந்தக் கால ரோட்ஸ்டர்களில் (இரண்டு இருக்கைத் திறந்த கார்கள்) பின்மூடியைத் திறந்தால் வெளியே வரும் இருக்கையைப் பிரிட்டனில் டிக்கி சீட் என்பார்கள். நம் ஊரில் சாமான் வைக்கும் இடத்துக்கு அந்தப் பெயர் நின்றுவிட்டது. மாடல் ஏ ரோட்ஸ்டர் சிலவற்றில் அந்த இருக்கை உண்டு, ஆகவே அங்கே டிக்கி என்று எழுதும்போது எதைச் சொல்கிறீர்கள் என்று பார்த்து எழுதுங்கள்.

மு.

*

நண்பர்களே, நன்றி. நாளை காலை கோப்பு போக வேண்டும். ‘கூரையுறை’ என்று வைக்கிறேன். முதல் முறை வரும் இடத்தில் ‘கடையில் டாப் கவர் என்பார்கள்’ என்று ஒரு வரி. டோனோவுக்கு இருக்கைமூடி. சட்டங்களுக்குக் கூரைவில். டிக்கி சீட்டை ‘பின்மடிப்பு இருக்கை’ ஆக்கிவிட்டேன், டிக்கி டிக்கியாகவே இருக்கும். இரா. ஐயாவும் மு. ஐயாவும் ஒத்துக்கொண்டதாக எடுத்துக்கொள்கிறேன்.

செ.

*

செ., அவசரம் விளங்குது. ஆனால் தகரக் கூரை போட்ட மூடிய காருக்கும் ஆக்கள் உறை போடுகினம். ‘கூரையுறை’ என்று வாசிக்கிற பிள்ளை அதைத்தான் நினைக்கும். துணி என்ற சொல் உள்ளே இல்லாமல் இது நிற்காது. என்ர சொற்பட்டியலில் ‘துணிக்கூரையுறை’ என்றே பதிகிறேன். அடுத்த பதிப்பு வரும்போது திரும்பக் கேட்பன்.

ந.