புதுப்பிப்பு: மாமாவின் கதிர்வீச்சு சிகிச்சை

தோள்வலியோடு இருக்கும் மாமாவால் கைகளைத் தலைக்கு மேல் வைத்து அசையாமல் படுக்க முடியுமா என்று முன்பு கேட்டிருந்தேன். நுரையீரல் கட்டிக்கான துல்லியக் கதிர்வீச்சு நல்லபடியாக முடிந்தது.

வழக்கமாகக் கதிரின் பாதையில் ஓர் உலோகக் கூம்பு இருக்கும். நடுவில் செறிந்த கதிரைச் சமப்படுத்தும் அதுவே கதிரின் பெரும்பகுதியை விழுங்கிவிடும். சிறிய கட்டிக்கு அந்தச் சமன் அவசியமில்லை. கூம்பை விலக்கினால், நிமிடத்துக்கு 600 மானிட்டர் யூனிட் (இயந்திரம் வெளிவிடும் கதிரை அளக்கும் அலகு) என்ற வேகம் சில இயந்திரங்களில் 1400, 2400 வரை ஏறுகிறது. மொத்தக் கதிரளவு மாறாது. கட்டி அசையாதிருக்க மூச்சை அடக்கும் நேரம் குறைகிறது.

ஆனால் படுக்கவைத்து, ஸ்கேன் எடுத்து, இடம் சரிபார்ப்பதற்கு அதே நேரம்தான். மாமா முணுமுணுத்தது அதற்கே! கைதாங்கி கேட்கச் சொன்ன அக்காவுக்கு நன்றி, கொடுத்தார்கள். அடுத்த ஸ்கேன் வரை ஓய்வெடுங்கள் என்றால், தேக்கா சந்தைக்கு மீன் வாங்கக் கிளம்பிவிடுகிறார்.