ஸ்லீப் மோடு: ஆழத்தை வைத்துப் பெயர் வேண்டாம்

நண்பர்களே,

மைக்ரோகன்ட்ரோலர் (கருவிகளுக்குள் இருக்கும் சிறு கணினிச் சில்லு) மின்சாரத்தை மிச்சப்படுத்தப் போகும் தூக்க நிலைகளுக்குத்தான் தமிழ்ப் பெயர் தேடுகிறோம். லைட் ஸ்லீப்புக்கு ‘மென்துயில்’, டீப் ஸ்லீப்புக்கு ‘ஆழ்துயில்’, ஹைபர்னேஷனுக்கு ‘பேருறக்கம்’ என்று வந்திருக்கும் பட்டியல் காதுக்கு இனிமைதான், ஆனால் மூன்றும் தூக்கத்தின் ஆழத்தை மட்டுமே சொல்கின்றன. நிரல் எழுதுகிறவருக்கு முதலில் தெரிய வேண்டியது, எழுந்த பிறகு சில்லுக்கு என்ன ஞாபகம் இருக்கும் என்பது.

இஎஸ்பி32 என்ற மைக்ரோகன்ட்ரோலர் சில்லையே எடுத்துக்கொள்வோம். லைட் ஸ்லீப்பில் ப்ராசசரின் கடிகாரம் நிற்கும், ராம் அப்படியே இருக்கும், எழுந்ததும் விட்ட இடத்திலிருந்து நிரல் தொடரும். டீப் ஸ்லீப்பில் ராம் போய்விடும். ஆர்டிசி நினைவகத்தில் (டீப் ஸ்லீப்பிலும் மின்சாரம் பெறும் சிறு நினைவகம்) ஒதுக்கி வைத்தது மட்டும் தங்கும், நிரல் முதலிலிருந்து ஓடும். எண்ணிக்கையை வைத்திருக்கும் மாறியை (வேரியபிள்) சாதாரணமாக அறிவித்துவிட்டு, ஒவ்வொரு முறை எழும்போதும் எண்ணிக்கை ஏன் பூஜ்யத்துக்கே போகிறது என்று புதியவர்கள் மண்டையைப் பிய்த்துக்கொள்வது இதனால்தான். ‘ஆழ்துயில்’ அவர்களுக்கு எந்த எச்சரிக்கையும் தராது.

மின்சாரக் கணக்கு முக்கியமில்லையா என்றால், முக்கியம்தான். தரவுத்தாளின்படி லைட் ஸ்லீப்பில் சுமார் 0.8 மில்லிஆம்பியர், டீப் ஸ்லீப்பில் சுமார் 10 மைக்ரோஆம்பியர். 2000 மில்லிஆம்பியர்-மணி பேட்டரி முதலாவதில் நூறு நாள் சொச்சம் வரும், இரண்டாவதில் காகிதக் கணக்குப்படி 20 ஆண்டுக்கும் மேல் (அதற்குள் பேட்டரி தானாகவே வடிந்துவிடும், போர்டில் எரியும் எல்இடியும் ரெகுலேட்டரும் குடிப்பது வேறு). ஆனால் இந்த எண்கள் சில்லுக்குச் சில்லு மாறும், பெயரில் அவற்றை ஏற்ற முடியாது.

என் பரிந்துரை: லைட் ஸ்லீப் ‘அறிதுயில்’, டீப் ஸ்லீப் ‘மறதுயில்’. அறிதுயில் ஹிப்னாசிஸுக்கும் வழங்குகிறதே என்பீர்கள்; மைக்ரோகன்ட்ரோலரை யாரும் வசியம் செய்யப் போவதில்லை, குழப்பம் வராது. மறதுயில் வினைத்தொகை, ஆகவே ஒற்று மிகாது. தயவுசெய்து ‘மறத்துயில்’ என்று எழுதிவிடாதீர்கள், அது வீரத் தூக்கம் ஆகிவிடும்.

ஹைபர்னேஷன்தான் உண்மையான சிக்கல். கணினியில் அது நினைவகம் முழுவதையும் வட்டில் எழுதி வைத்துவிட்டு அணைவது, அதாவது எதையும் மறக்காது. இஎஸ்பி32-இலோ நேர் எதிர்: ஆர்டிசி நினைவகத்துக்கும் மின்சாரம் நின்றுவிடும், டைமரோ சில பின்களோ (சில்லின் இணைப்பு முனைகள்) எழுப்பினால் உண்டு. இரண்டுக்கும் ஒரே தமிழ்ச் சொல்லைப் போட்டால் ஆங்கிலத்தின் குளறுபடியை நாமும் வாங்கிக்கொள்கிறோம். சில்லுக்கு ‘முழு ஒடுக்கம்’ எனலாம்.

மோடம் ஸ்லீப்பில் ப்ராசசர் விழித்துத்தான் இருக்கிறது, ரேடியோ மட்டும் ஓய்கிறது. அங்கே துயிலே வேண்டாம், ‘அலை ஓய்வு’ போதும்.

அப்புறம், வேக்-அப் சோர்ஸுக்கு, அதாவது சில்லைத் தூக்கத்திலிருந்து எழுப்புவதற்கு, ‘விழிப்பு மூலம்’ என்று ஒருவர் எழுதியிருந்தார். ‘எழுப்பி’ என்றால் என்ன குறை? டைமர் எழுப்பி, தொடு எழுப்பி, பின் எழுப்பி. இரண்டு மூன்றை ஒன்றாக வைத்து, எழுந்ததும் எந்த எழுப்பி என்று நிரலிலேயே கேட்டுக்கொள்ளலாம். மறுப்பு இருந்தால் சொல்லுங்கள், குறிப்பாக மறதுயிலுக்கு.