புதுப்பிப்பு: என் கம்பம்மெட்டு ஜீப் கேம், நாலு மாசம் கழிச்சு

போன பதிவுல புலம்புனது ஞாபகம் இருக்கும். கேம் செய்யுற மென்பொருளான கோடோவை நானா கத்துக்கிட்டு, கம்பம்மெட்டு மலைப்பாதையில ஜீப் ஓட்டுற மாதிரி செஞ்ச கேம், என் பழைய லேப்டாப்புல ஒழுங்கா ஓடுது, மாமா பையன் கம்ப்யூட்டர்ல மட்டும் ராக்கெட்டா பறந்து பள்ளத்துல விழுதுன்னு கேட்டிருந்தேன்.

தப்பு என்னுதுதான். ஒவ்வொரு ஃப்ரேமுக்கும், அதாவது திரையில மாறுற ஒவ்வொரு படத்துக்கும், ஜீப்பை இத்தனை பிக்சல்னு நகர்த்தியிருந்தேன். அவன் மானிட்டர் 144 ஹெர்ட்ஸ், நொடிக்கு 144 ஃப்ரேம் காட்டும். என்னுது 60. ஃப்ரேம் கூடக் கூட வேகமும் கூடிருச்சு. வேகத்தை டெல்டாவால, அதாவது போன ஃப்ரேமுக்கு அப்புறம் ஆன நேரத்தால, பெருக்கினதும் ரெண்டுலயும் ஒரே ஓட்டம். ஒரு வார்த்தைக்கு மூணு வாரம் போச்சு!

ஆனா கேமை மாத்துனது அத்தைதான். இருபது வருசமா கம்பத்துல விடியுமுன்ன ஜீப் ஏறி இடுக்கிப் பக்கம் ஏலத்தோட்டத்துக்குப் போறவங்க. கையில கொடுத்தேன். ரெண்டாவது வளைவுலயே எதிர் வண்டியில மோதிட்டாங்க.

"ஏன்டா, ஹாரன் எங்கடா? ஹாரன் அடிக்காம எவன்டா கொண்டை ஊசி வளைவுல திரும்புவான்?"

அவ்வளவுதான். இப்ப ஹாரன் அடிச்சா, இறங்குற வண்டி ஓரங்கட்டி நிக்கும். மலையில ஏறுற வண்டிக்குத்தானே முதல் வழி. அடிக்க மறந்தா மோதல். டுடோரியல் பார்த்து நான் வச்சிருந்த காசு பொறுக்குற வேலையைத் தூக்கிட்டேன், யாரும் தேடல.

அடுத்து மூடுபனி. அதுல ஹாரன் சத்தம் எந்தப் பக்கம் வருதுன்னு கேக்கணும், ஹெட்போன் கட்டாயம். அத்தைக்கு இன்னும் சொல்லல.