கத்திரி வெயிலும் பீட்டெயினும்: ‘அணைக்கட்டு சொந்தங்கள்’ குழுவில்

கமலா சித்தி: இன்று பிற்பகல் கொட்டகையில் முட்டைக்கோழிகள் எல்லாம் இறக்கையை விரித்து, வாயைத் திறந்து மூச்சிரைத்துக்கொண்டிருந்தன. கத்திரி தொடங்கியதிலிருந்து முட்டை ஓடும் மெலிந்து வருகிறது. தீவனக் கடைக்காரர் பீட்டெயின் என்ற தூளைக் கொடுக்கச் சொல்கிறார். தேன்மொழி, நீ கால்நடை மருத்துவம் படித்தவள். இதை நம்பி வாங்கலாமா?

தேன்மொழி: வாங்கலாம், சித்தி. கோழிக்கு வியர்வைச் சுரப்பி கிடையாது. மூச்சிரைத்துத்தான் அது உடற்சூட்டைத் தணித்துக்கொள்கிறது. அப்படி விரைந்து மூச்சு விடும்போது இரத்தத்திலிருந்து கரியமில வாயு அளவுக்கு மேல் வெளியேறிவிடுவதாலும், வெயிலில் தீவனம் குறைவாக எடுப்பதாலும் ஓடு கட்டுவதற்கு வேண்டிய பொருள் போதாமல் போகிறது.

மாணிக்கம் பெரியப்பா: அந்தத் தூள் மருந்துச் சரக்கா, செடியிலிருந்து எடுப்பதா அம்மா?

தேன்மொழி: செடியில் உள்ளதுதான், பெரியப்பா. 19ஆம் நூற்றாண்டில் கார்ல் ஷைப்லர் என்ற ஜெர்மானிய வேதியியலாளர் சர்க்கரை எடுக்கப் பயிரிடும் பீட்ரூட் இனமான சர்க்கரைக்கிழங்கின் சாற்றில் இதைக் கண்டறிந்தார். இன்றும் அந்தக் கிழங்கிலிருந்து சர்க்கரை எடுத்தபின் மிஞ்சும் பாகான மொலாசஸிலிருந்து பிரித்தெடுக்கிறார்கள். ஆலையில் செயற்கையாகச் செய்வதும் உண்டு. வெயிலும் உப்பும் வறட்சியும் தாக்கும்போது பாலக்கீரை, முளைக்கீரை போன்ற செடிகள் இதைத் தம் உயிரணுக்களில் சேர்த்துவைக்கின்றன. உயிரணுவுக்குள் நீர் வற்றாமல் பிடித்துவைப்பதோடு, சூட்டில் புரதங்களின் வடிவம் குலைந்துவிடாமலும், ஒளிச்சேர்க்கை நடத்தும் அமைப்புகள் சிதையாமலும் அது காக்கிறது. நீங்கள் நடும் நெல்லுக்கு இந்த ஆற்றல் ஏறத்தாழ இல்லை என்பது எனக்கு எப்போதும் வருத்தம் தரும் செய்தி. ஆனால் இதை இயல்பாகச் செய்யாத அராபிடாப்சிஸ் என்ற சிறு செடியில், மண்ணில் வாழும் பாக்டீரியா ஒன்றின் மரபணுவைப் புகுத்தி, ஜப்பானில் நோரியோ முராட்டா குழுவினர் வெப்பத்தைத் தாங்கும் திறனைக் கூட்டிக் காட்டி 1998இல் கட்டுரை வெளியிட்டார்கள்.

அருள்: செடிக்குச் செய்வதையே கோழிக்கும் செய்கிறதா, அக்கா?

தேன்மொழி: அடிப்படை ஒன்றுதான், அருள். கோழியின் குடற்சுவர் உயிரணுக்கள் நீரை இழக்காமல் இருக்க உப்புகளை ஓயாமல் உள்ளே இழுத்து வெளியே தள்ளவேண்டும். பீட்டெயின் அங்கே இருந்தால் அந்த வேலைக்குச் செலவாகும் ஆற்றலில் ஒரு பகுதி மிஞ்சுகிறது. ஆனால் கொட்டகையின் சூட்டை இது குறைக்காது. கூரையில் தென்னங்கீற்று போட்டு நனைப்பது, குளிர்ந்த தண்ணீர் வைப்பது, செரிமானமே உடலில் சூட்டைக் கூட்டும் என்பதால் உச்சி வெயிலில் தீவனத்தை நிறுத்தி விடியலிலும் மாலையிலும் போடுவது ஆகியவை முதலில் நடக்கவேண்டும்.

கமலா சித்தி: அப்படியானால் தோட்டத்துப் பாலக்கீரையையே நிறையப் போட்டுவிடலாமே?

தேன்மொழி: கொஞ்சம் போடலாம்; நிறைய வேண்டாம், சித்தி. அந்தக் கீரையிலுள்ள ஆக்சாலிக் அமிலம் சுண்ணாம்புச்சத்தைக் கட்டிப்போட்டுவிடும். ஏற்கெனவே மெலிந்த ஓடு மேலும் மெலியும். கிளிஞ்சல் தூளைத் தனித் தட்டில் வைத்துவிடுங்கள்.

அருள்: நாளை காலை வேலூர் போகிறேன், தூளை நான் வாங்கி வருகிறேன்.

தேன்மொழி: வாங்குவதற்கு முன் பையின் மேல் பீட்டெயின் எத்தனை விழுக்காடு என்று அச்சிட்டிருப்பதைப் படம் எடுத்து அனுப்பு. ஆய்வுகளில் பெரும்பாலும் கிலோ தீவனத்துக்கு 1 கிராம் அளவில்தான் கொடுத்திருக்கிறார்கள். அந்த விழுக்காட்டைப் பார்த்து, எவ்வளவு தூள் கலக்கவேண்டும் என்று சித்திக்குக் கணக்கிட்டுச் சொல்கிறேன்.